இரண்டு மாதம் ஐந்து நாள்

1980 ஜூன் 9, திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, பதிப்புரிமைப் பதிவகத்தின் இரண்டாவது மாடியில், ஆறாம் எண் சன்னலில், ‘வாடகைக்கு ஒரு மாமனார்’ என்ற திரைப்படத்தின் உரிமையைப் புதுப்பிக்கக் கோரும் விண்ணப்பம் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது.

அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு கண் மருத்துவமனையில், எண்பத்து நான்கு வயது அம்மாள் ஒருவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். புரை எடுத்த இரண்டாவது கண். சுவரில் தொங்கிய அட்டையின் கடைசி வரியைக் கூட அவர் தட்டுத் தடுமாறாமல் வாசித்துவிட்டார். டாக்டருக்கே பெருமை தாங்கவில்லை.

“இனிமே என்ன வேணாலும் பார்க்கலாம்மா” என்றார்.

“அப்போ அந்தப் படத்தைப் பார்த்துடறேன்” என்றார் அம்மாள். சொல்லிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் மருந்துப் பையோடு நின்ற மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். “மாப்பிள்ளை, ஏற்பாடு பண்ணுங்க.”

எந்தப் படம் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவரும் கதை அது. மாமியார் பத்தொன்பது வயதில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். தைத்து முடித்த உடுப்புகளைக் கொடுக்க ஒரு நாள் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனார். மாடியிலிருந்து வில்லன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டவேண்டிய பெண் அன்று வரவில்லை. “ஏம்மா, வாளி தூக்குவியா?” என்று யாரோ கேட்டார்கள். தூக்கினார்; ஊற்றினார்; வீடு திரும்பினார். படம் வந்தபோது டைபாய்டு காய்ச்சலில் படுத்திருந்தார். எழுந்து உட்காரும்போது படம் ஊரை விட்டே போயிருந்தது. பார்த்தவர்கள் சொன்னார்களாம், அந்த இடத்தில் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

கதைக்கு ஒரே ஒரு இடைஞ்சல், அவருடைய நாத்தனார். அடுத்த தெருவில் குடியிருக்கும் அந்த அம்மாளுக்கு இப்போது எண்பதை எட்டும் வயது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் காப்பி குடிக்க இங்கேதான் வருவார். வந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் வாளியில்தான் வந்து முடியும்.

“அண்ணி, நான் அந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் வாளியும் வரல, நீங்களும் வரல.”

“உனக்கு அப்போ பதினாலு வயசு. ஹீரோவைத் தவிர வேற எது உன் கண்ணுல பட்டுது?”

“ஹீரோ பின்னாடி இருந்த சுவரு, சன்னலு, காலண்டரு, எல்லாம் பட்டுது. வாளி மட்டும் படல.”

கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் அறுபத்தைந்து வருஷம் நீடித்த வேடிக்கையில் ஒரு காரியம் நடந்துபோயிற்று. அந்தக் குடும்பத்தில் புளுகுக்குப் பெயரே வாளி என்று ஆகிவிட்டது. பஸ் கிடைக்கவில்லை என்று தாமதமாக வருபவனைப் பார்த்து, “வாளி விடாதே” என்பார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கூடத் தெரியாது. போன மாதம் மகள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசும்போது தன் அம்மாவிடமே, “அவ சொல்றதெல்லாம் சுத்த வாளிம்மா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  மாமியார் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொன்னது அதற்கு மறுநாள்தான்.

மாப்பிள்ளைக்கு இது தெரியும். அதனால்தான் இந்த வேலையைத் தட்டிக்கழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கவுண்ட்டர், உரிமம் புதுப்பித்தல். உரிமம் காலாவதியாவதற்கு முந்தைய முப்பது நாட்களுக்குள் வந்தால் வாங்கிக்கொள்வார். பிந்தி வந்தால் வேறு படிவம். முந்தி வந்தால் வீட்டுக்கு. மாமியாரின் சொந்தத் தம்பியையே நாலு நாள் முந்தி வந்தார் என்று திருப்பி அனுப்பியவர். அந்தத் தம்பி இன்றைக்கும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சனிக்கிழமை அவர் திரைப்படக் காப்பகத்துக்குப் போனார். பழைய பஞ்சுக் கிடங்கு மாதிரி இருந்த கட்டடம். உள்ளே மட்டும் எலும்பு உறையும் குளிர். காப்பாளர் அம்மா கட்டடத்துக்குள்ளேயே கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாக இருந்தார். அட்டைப் பெட்டிகளைப் புரட்டி ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இருக்கு சார். ஒரே ஒரு பிரிண்ட். 1953 ஆகஸ்ட் 14 ரிலீஸ். பதிமூணு ரீலும் முழுசா இருக்கு, நல்லாவும் இருக்கு.”

“அப்போ பார்க்கலாமா?”

“பார்க்க முடியாது.”

மாப்பிள்ளைக்கு அந்தத் தொனி பழக்கமானது. தினமும் கவுண்ட்டரில் அவர் பேசும் தொனி அது. மறுபக்கம் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை.

காப்பாளர் அம்மா விளக்கினார். படம் காப்பகத்தில் இருந்தாலும் உரிமை படக் கம்பெனியிடம் இருக்கிறது. அவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், நாளைக்கே போட்டுக்காட்டலாம். கடிதம் இல்லையென்றால், உரிமை முடிந்துவிட்டது என்று பதிவகத்தில் சான்றிதழ் வாங்கி வரவேண்டும்.

“உரிமை எப்படி முடியும்?”

“அந்தக் காலச் சட்டப்படி ரிலீஸ் ஆன நாள்லேர்ந்து இருபத்தெட்டு வருஷம்தான் சார் உரிமை. இருபத்தெட்டாவது வருஷத்துல போய்ப் புதுப்பிச்சா இன்னும் அம்பது வருஷம் கிடைக்கும். புதுப்பிக்கலைன்னா படம் பொதுச்சொத்து. யார் வேணா போடலாம், யார் வேணா காப்பி எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். பாதிப் படங்கள் அப்படித்தான் போச்சு. கம்பெனியை மூடியிருப்பாங்க, முதலாளி போயிருப்பார், அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேருமே மறந்திருப்பாங்க. உங்க படமும் அப்படிப் போயிருந்தா உங்க அதிர்ஷ்டம். எதுக்கும் முதல்ல கம்பெனியைக் கேளுங்க.”

கம்பெனி இப்போது டைல்ஸ் கடையாக இருந்தது. தயாரிப்பாளரின் பேரன் நடத்துகிறார். வழுவழுவென்ற தரை, காலை எங்கே வைத்தாலும் தன் முகமே தெரிகிறது. டைல்ஸ் கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், கலகலப்பானவர். படத்தின் பேரைச் சொன்னதும் எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விஷயத்தைக் கேட்டதும் கையை விட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் படத்தை நான் திரும்ப எடுக்கப்போறேன். புது ஆளுங்க, புதுப் பாட்டு. அது வர்ற வரைக்கும் பழசை யார் கண்ணுலயும் காட்டறதா இல்ல.”

“எங்க மாமியார் ஒருத்தர்தானே சார் பார்க்கப்போறாங்க. எண்பத்து நாலு வயசு.”

“அந்த வயசுக்காரங்கதான் சார் பயம். படம் முடிஞ்சு வெளிய வந்ததும், ‘அந்தக் காலத்துல எடுத்த மாதிரி வருமா’ம்பாங்க. அந்த ஒரு வார்த்தை போதும், என் கடையைச் சாத்திடலாம்.”

“உரிமையெல்லாம் உங்ககிட்டத்தான் இருக்கா?” மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

டைல்ஸ் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய ரசீது. ஊதா முத்திரை, தேதி, நேரம், சன்னல் எண், எல்லாம் பளிச்சென்று இருந்தன.

“எங்க தாத்தாகிட்ட ஒரு மேனேஜர் இருந்தார் சார். ‘முன்னாடி மேனேஜர்’னு பேரு. பத்து மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே பிளாட்பாரத்துல நிப்பார். விருந்துக்குக் கூப்பிட்டா முந்தின நாளே வந்து நின்னுட்டாராம், பாட்டி இருந்ததைப் போட்டு அனுப்பினாங்களாம். மத்த கம்பெனிக்காரங்க எல்லாம் மறந்து படத்தைக் கோட்டை விட்டப்போ, எங்க ஆளு முதல் ஆளாப் போய்ப் புதுப்பிச்சுட்டு வந்துட்டார். கையோட அந்த ஜூன் முப்பதே ரிட்டயரும் ஆயிட்டார், அதுலயும் ஒரு வருஷம் முந்தி. அவர் ஞாபகமாத்தான் இதை மாட்டி வெச்சிருக்கேன். போட்டோ எடுத்துக்கோங்க, உங்க மாமியார்கிட்ட காட்டுங்க.”

மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். வேறு என்ன செய்வது.

நாலு மணிக் காப்பி நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார். செய்தியைக் கேட்டு மாமியார் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நாத்தனார்தான் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார்: “நல்லதாப் போச்சு அண்ணி. படத்தைப் போட்டிருந்தா உங்க மானம்தான் போயிருக்கும்.”

“பெரியத்தை, கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் மாப்பிள்ளை. அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நனைத்த பிஸ்கட் உடைந்து காப்பிக்குள் விழுந்தது.

திங்கட்கிழமை கவுண்ட்டரில் கூட்டம். பதினோரு மணிவாக்கில் வேன் ஓட்டுநர் ஒருவர் வந்து படிவத்தை நீட்டினார். மாப்பிள்ளை தேதியைப் பார்த்தார். படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

“புதுப்பிக்கற காலம் ஆரம்பிக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அப்புறம் வாங்க.”

“சீக்கிரம் வந்தது தப்பா சார்? லேட்டா வந்தாத் திட்டறீங்க, சீக்கிரம் வந்தாலும் திட்டறீங்க.”

“நான் திட்டல. நீங்க கொடுக்கலாம், நானும் வாங்கி சீல் போட்டுக் கொடுத்துடலாம். ஆனா செல்லாது. காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொடுத்தா, கொடுக்காத மாதிரிதா...”

வாய் அப்படியே நின்றது.

“என்ன சார் ஆச்சு?” ஓட்டுநர் பயந்துவிட்டார். “உடம்பு சரியில்லையா?”

மாப்பிள்ளை செல்போனை எடுத்து ரசீதின் படத்தைப் பெரிதாக்கினார். ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். படம் வெளியானது 1953 ஆகஸ்ட் 14. இருபத்தெட்டாவது வருஷம் தொடங்குவது 1980 ஆகஸ்ட் 14. முடிவது 1981 ஆகஸ்ட் 13. அந்த ஒரு வருஷத்துக்குள் வந்திருக்கவேண்டும். முன்னாடி மேனேஜர் வந்தது 1980 ஜூன் 9.

இரண்டு மாதம் ஐந்து நாள் முந்தி.

“உங்க பேர்ல அர்ச்சனையே பண்ணலாம்யா” என்று ஓட்டுநரின் கையைப் பிடித்தார் மாப்பிள்ளை.

“அப்போ வாங்கிக்கறீங்களா?”

“அது முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.”

பதிவகத்தின் இரண்டாவது மாடியில் ஆறாம் எண் சன்னல் இன்னும் இருந்தது. உள்ளே காதில் பென்சில் செருகிய எழுத்தர். மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. இருபது வருஷத்தில் இப்படி ஒரு மனிதர், தேதியைக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து, அவர் சன்னலில் நின்றதில்லை.

“நீங்க எந்த ஆபீஸ்?”

“லைசென்ஸ். புதுப்பித்தல்.”

“சொல்லுங்க அப்படி” என்று எழுத்தர் எழுந்து ஒரு நாற்காலியை வெளியே நகர்த்திப் போட்டார். அந்த நாற்காலி அதுவரை யாருக்கும் போடப்பட்டதில்லை என்பது அதன் மேல் இருந்த தூசியிலேயே தெரிந்தது.

இருவரும் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1980, 1981 இரண்டு வருஷத்துப் புதுப்பித்தல் பட்டியலிலும் அந்தப் படம் இல்லை. எழுத்தர் கீழ்த்தளத்துக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து, தும்மிக்கொண்டே ஒரு கோப்போடு வந்தார். அதற்குள் ஒரே ஒரு கடித நகல். 1980 ஜூலை 2 தேதியிட்டது. காலம் தொடங்குமுன் வந்த விண்ணப்பத்தை ஏற்க இயலாது, இத்துடன் திருப்பி அனுப்புகிறோம், ஆகஸ்ட் 14க்குப் பிறகு மீண்டும் அனுப்பவும் என்று அதில் இருந்தது. முன்னாடி மேனேஜர் ஜூன் முப்பதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். கடிதம் ஆளில்லாத நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“பாவம்” என்றார் எழுத்தர். “ரெண்டு நாள் முந்திப் போயிட்டார்.”

“எல்லாத்துலயுமே அப்படித்தானாம்.”

“இருந்தாலும் விதி விதிதான் சார்.”

“விதி விதிதான்” என்றார் மாப்பிள்ளை. சொல்லும்போது அவருக்கு முதல் முறையாக மாமியாரின் தம்பி ஞாபகம் வந்தது.

சான்றிதழ் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ‘மேற்படி திரைப்படத்தின் பதிப்புரிமை 1981 ஆகஸ்ட் 13உடன் முடிவுற்றது.’ நேரே காப்பகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் செல்லாத ரசீதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு புதுப்படம் எடுக்கக் கிளம்பியிருக்கும்போது சொல்லாமல் இருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. டைல்ஸ் கடையில் இறங்கினார்.

டைல்ஸ் கடைக்காரர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“என்ன சார் இது அநியாயம்? மறந்தவனுக்கும் இதே தண்டனை, முந்தி வந்தவனுக்கும் இதே தண்டனையா?”

மாப்பிள்ளையிடம் இதற்குப் பதில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவரும் பதில். அதை இன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார்” என்றார்.

“அப்போ இனிமே அந்தப் படத்தை யார் வேணா எடுக்கலாமா?”

“எடுக்கலாம்.”

“எவன் வேணாலும்?”

“எவன் வேணாலும்.”

டைல்ஸ் கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் கிடந்த மாதிரிக் கல்லை விரலால் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டார். சட்டென்று நிமிர்ந்தார்.

“அப்படின்னா நானும் எடுக்கலாம் இல்ல?”

“தாராளமா.”

“எங்க சித்தப்பா, ரெண்டு அத்தை, அவங்க பசங்க, யார்கிட்டயும் கையெழுத்து வாங்க வேண்டாம்?”

“எதுக்கு வாங்கணும்? அவங்ககிட்ட இருந்தாத்தானே.”

“எட்டு வருஷமா சார்! எட்டு வருஷமா அந்தச் சித்தப்பா ஒரு கையெழுத்துக்கு என்னை நாயா அலைய விட்டிருக்கார்.” இப்போது அவர் சுவரைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. “முன்னாடி மேனேஜர் முன்னாடி மேனேஜர்தான் சார். நானும் வரேன் படம் பார்க்க. எப்போ?”

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காப்பகத்தின் சிறிய அரங்கில் அறுபது இருக்கைகளும் நிரம்பின. குடும்பம் முழுவதும் வந்திருந்தது. பேசாத தம்பியையும் மாப்பிள்ளையே போய் அழைத்து வந்திருந்தார். ஆறாம் சன்னல் எழுத்தரும் காதில் பென்சிலோடு வந்திருந்தார். மாமியார் முன்வரிசை நடுவில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று மகள் மாப்பிள்ளையின் காதில் கிசுகிசுத்தாள்.

“ஒருவேளை இல்லாட்டி என்னங்க பண்றது?”

“தெரியல” என்றார் மாப்பிள்ளை. இத்தனை அலைச்சலில் இந்தக் கேள்வியை அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவே இல்லை.

விளக்கு அணைந்தது. படம் நல்ல சிரிப்புப் படம். பொய் சொல்லிப் பெண் கேட்டவன் ஒருவன், வாடகைக்கு ஒரு மாமனாரைப் பிடித்து வருகிறான். அரங்கம் குலுங்கியது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. நாத்தனார் இருட்டில் தொண்டையைச் செருமினார்.

நாற்பத்தொன்பதாவது நிமிடத்தில் வில்லன் ஒரு வீட்டு வாசலில் நின்று மீசையை முறுக்கினான். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு வாளி தெரிந்தது. அதன் பின்னால் ஒல்லியான ஒரு பெண், இரண்டு கையாலும் அதைத் தூக்க முடியாமல் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் வில்லன் தலையில் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்தாள், கீழே பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, குளிச்சாச்சா?” என்று ஒரு குரல் கேட்டது.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பேசாத தம்பி எழுந்து நின்று, “அக்கா! எங்க அக்கா!” என்று கத்தினார்.

“முகம் சரியாத் தெரியலையே” என்றார் நாத்தனார். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை.

“இன்னொரு தடவை போடவா?” என்று பின்னாலிருந்து காப்பாளர் அம்மா கேட்டார். “இப்போ யாரையும் கேட்க வேண்டாமே.”

அந்த இடத்தை நாலு தடவை போட்டார்கள். நாலாவது தடவை நாத்தனார் இருட்டில் கையை நீட்டி மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் அண்ணி. நெத்தியில அந்தத் தழும்பு கூட இருக்கு. நான் பார்த்த தியேட்டர்ல இந்த ரீலைப் போடாம விட்டுட்டான் போல. படுபாவி.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

மாமியார் வாதாடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆபரேஷன் செய்த கண்ணைத் தேய்க்கக்கூடாது என்று மகள் கையைப் பிடித்தாள்.

“குரல் என்னுது இல்லடி” என்றார் மாமியார். “எவளையோ பேச வெச்சிருக்கானுங்க. தண்ணி மட்டும் என்னுது. எப்படி விழுந்துது பார்த்தியா?”

“நேரா நடு மண்டையில அண்ணி.”

“சரி, சத்தம் போடாதே. மீதியைப் பார்ப்போம்.”

அடுத்த வாரம் காப்பகத்து அட்டையில் நடிகர் பட்டியலின் கடைசியில், பதினான்காவதாக, மாமியாரின் பெயர் சேர்க்கப்பட்டது. எதிரே ‘மாடி வீட்டுப் பெண், 17 விநாடி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாதம் பதினொரு பேர் படத்தின் நகல் கேட்டு விண்ணப்பித்தார்கள். பதினொரு பேருக்கும் அனுமதிக் கடிதம் இல்லாமலே வழங்கப்பட்டது. அவர்களில் நான்கு பேர் நாத்தனார் வீட்டார்.